41 கடிதங்கள்: வேலைக் குறிப்பு

பிப்ரவரி 5
கட்டு மேசைக்கு வந்தது. 1943, 1944ல் போர்முனையில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்க்குக் காதலி எழுதியவை. ரப்பர் பேண்ட் காய்ந்து மேலுறையோடு ஒட்டியிருக்கிறது. பிடித்து இழுத்தால் காகிதத்தின் தோலும் உரிந்து வரும். மெல்லிய தகட்டுக் கத்தியைப் படுக்கவைத்து, சில்லு சில்லாகப் பெயர்க்க வேண்டும். அடுக்கைக் கலைக்கும் முன் படம் எடுத்தாயிற்று. தேதிப்படி மாற்றிவைக்கக் கை பரபரக்கும், கூடாது. இது அவர் எடுத்து எடுத்துப் படித்த வரிசை.

பிப்ரவரி 6
துருப்பிடித்த கிளிப் மூன்று. இருபுறமும் பாலியெஸ்டர் தாளைச் செருகி, கம்பியை விரித்து எடுத்தாயிற்று. உருவியிருந்தால் துரு காகிதத்தைக் கிழித்திருக்கும்.

பிப்ரவரி 9
மடிப்பு விறைத்த கடிதங்களை ஈரப்பெட்டியில் வைக்கும் முன் மைச் சோதனை: பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்து ஒரு முற்றுப்புள்ளியின் மேல் ஒற்றிப் பார்ப்பது. எண் 7, 12 கடிதங்கள் இரண்டிலும் பஞ்சில் நீலம் ஏறியது. அவை மடிந்தபடியே இருக்கட்டும். மற்றவற்றுக்கு: மூடியுள்ள தட்டு, அடியில் ஈர ஒற்றுத்தாள், மேலே வலை, வலைமேல் கடிதம். அரை மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். இளகியதும் காய்ந்த ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பாரம்.

பிப்ரவரி 13
கட்டில் வி-மெயில் என்ற போர்க்காலத் தபால் பதினான்கு இருக்கிறது. இவை ஈரப்பெட்டிக்கு ஆகாது. பார்க்கக் காகிதம் போலிருந்தாலும் போட்டோ. மேலே ஜெலட்டின் பூச்சு. ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

1942 ஜூனில் வந்த முறை இது. எழுதிய தாளை 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் படம்பிடித்து, ஃபிலிமை மட்டும் கடல் கடத்தி, அங்கே ஏறக்குறைய 4¼ × 5¼ அங்குலத்தில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஒன்றரை லட்சம் கடிதங்களுக்கு 37 தபால் மூட்டைகள் தேவைப்பட்ட இடத்தில் ஒரே மூட்டை போதுமானது. ஃபிலிம் போய்ச் சேர்ந்த பிறகு அசல் தாள்களை அழித்துவிடுவார்கள். ஆக, இந்தப் பதினான்கில் ஒன்றுகூட அவள் கை பட்டதில்லை.

எண் 23ல் கையெழுத்துக்குக் கீழே உதட்டுக்குறி. உதட்டுச்சாயம் இயந்திரத்தில் அப்பிக்கொள்கிறது, முத்தமிடாதீர்கள் என்று அப்போதே கேட்டுக்கொண்டிருந்தார்கள். எப்படியோ தப்பி வந்திருக்கிறது. சாம்பல் நிறம்; கீழுதட்டின் வரிகள் வரை தெரிகின்றன.

பிப்ரவரி 14
600 டிபிஐ ஸ்கேன் முடிந்தது. எழுத்து பெரிதாகத் தெரிய, படிப்பதற்கான நகல் நான்கு மடங்கில். லேமினேட் வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் ஏறினால் திரும்ப எடுக்க வழியில்லை. இரு பக்கம் திறந்த பாலியெஸ்டர் உறை போதும்.

பிப்ரவரி 17
நகலோடு, அந்தச் சிப்பாயாக இருந்த பெரியவரிடம். நாளுக்கு ஒரு கடிதம், இருபது நிமிடம். அதற்கு மேல் களைத்துவிடுகிறார். “எந்த வருடம்?” என்று கேட்டால் தடுமாறுகிறார். “அன்றைக்கு மழையா?” என்றால் பேச்சு தானாக வருகிறது. 23ஐப் பார்த்ததும் விரலை வைத்து, “நல்ல சிவப்பு” என்றார். திருத்தவில்லை.

பட்டியலில் இரண்டு கட்டங்கள். பொருளின் நிறம்: சாம்பல். பெறுநர் சொன்னது: சிவப்பு.