வீட்டுக்குள் செடிகள் மூன்று: மண் மாற்றிய பிறகு கண்டவை

சென்னையில் ஓர் அடுக்குமாடி வீடு. கிழக்கு ஜன்னலிலிருந்து ஆறடி தள்ளி, நேர்வெயில் விழாத மூலை. அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுத்தவை ஸ்நேக் பிளான்ட், இஸட் இஸட் (ZZ) எனப்படும் செடி, மணிபிளான்ட். முதல் இரண்டும் மண்ணுக்கடியில் கிழங்காகவும் தடித்த தண்டாகவும் நீரைச் சேமித்துக்கொள்ளும். மணிபிளான்ட்டுக்கு அந்தச் சேமிப்பு குறைவு. ஆனால் தாகம் எடுத்தால் இலையைத் தொங்கவிட்டுக் காட்டிவிடும், ஊற்றியதும் நிமிர்ந்துவிடும்.

இவை மூன்றும் காய்ந்து சாவது அபூர்வம், அழுகிச் சாவதுதான் வழக்கம். அதனால் முதல் வேலையே மண் மாற்றுவது. நர்சரித் தொட்டியில் பெரும்பாலும் இறுகிய செம்மண்ணோ வெறும் கோகோபீட்டோ (தேங்காய் நார்த் தூள்) இருக்கும். செம்மண் காய்ந்து சுருங்கினால் தண்ணீர் தொட்டியின் ஓரமாக வழிந்து ஓடிவிடும், வேருக்குச் சேராது. கோகோபீட் மேலே உலர்ந்து தெரியும், நடுவில் ஈரம் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஸ்நேக் பிளான்ட்டுக்கும் இஸட் இஸட்டுக்கும் கலந்த அளவு: செம்மண் 2 பங்கு, கரடு மணல் 2 பங்கு, கோகோபீட் 1, மண்புழு உரம் 1. எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் சலித்துக் கழுவித் தூளை நீக்கியே ஆக வேண்டும். அந்தத் தூள் சிமென்ட் மாதிரி இறுகும். மணிபிளான்ட்டுக்கு மணலை ஒரு பங்காகக் குறைத்து, கோகோபீட்டை 2 ஆக்கலாம்.

தொட்டி 8 அங்குல மண்தொட்டி. அடியில் ஜல்லி பரப்புவது பலரிடமும் உள்ள பழக்கம், அது வடிகாலுக்கு உதவாது. தண்ணீர் ஜல்லிக்கு மேலுள்ள மண்ணிலேயே தேங்கும். துளைமேல் ஓட்டுச்சில்லு ஒன்று போதும். துளையில்லாத பீங்கான் தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மாற்றி நட்டதும் கிழங்குச் செடிகளுக்கு ஐந்து நாள் தண்ணீர் கிடையாது, வெட்டுப்பட்ட வேர் ஆற வேண்டும்.

பிறகு தண்ணீருக்கு நாள்கணக்கு வைப்பதைவிட, மூங்கில் குச்சியை அடிவரை குத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்ப்பது நல்லது. மண் ஒட்டியிருந்தால் ஊற்றக் கூடாது. கிழங்குச் செடிகளுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றும் இடைவெளி ஏறக்குறைய இரண்டு வாரம், ஐப்பசி கார்த்திகை மழையில் நான்கு வாரம் வரை நீளும். குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரை மட்டும் செடிக்குத் திருப்பிவிடாதீர்கள். அதில் உப்பு செறிந்திருக்கும்; மண்மேல் வெள்ளைப் படிவமும் இலை நுனிக் கருகலும் அதனால் வருபவை. மழைநீரைத் தொட்டி வழிய ஊற்றி வடியவிட்டால் உப்பு குறையும்.

ஸ்நேக் பிளான்ட் இலையின் அடி கொழகொழத்தால் உடனே பிடுங்கி, கெட்டியான பகுதி வரும்வரை வெட்டி, மூன்று நாள் நிழலில் உலர்த்தி நட வேண்டும். மஞ்சள் ஓர ரகத்தை இலைத் துண்டிலிருந்து வளர்த்தால் குட்டி வெறும் பச்சையாகவே வரும். ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரிப்பதுதான் வழி. இஸட் இஸட் பல மாதம் ஒரு குருத்தும் விடாமல் நிற்கும். அப்போது உரம் கொட்டாமல் விடுவதே நல்லது, உள்ளே கிழங்கு பருத்துக்கொண்டிருக்கும்.

மாவுப்பூச்சி வந்தால் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். மூன்றுமே வாயில் போட்டால் உறுத்தும். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.