குவிமாடத்தை மூடும் பொறுப்பு

பல்கலைக்கழக வானாய்வுக்கூடம் ஒன்றில் 35 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியை இயக்குவதும், அதை இயக்க மாணவர்களுக்குக் கற்றுத் தருவதும் என் பணி. புதிதாக வருபவர்கள் இன்றிரவு எதைப் பார்க்கலாம் என்று கேட்பார்கள். நான் அவர்களுக்கு முதலில் கற்றுத் தருவது, குவிமாடத்தை எந்த நிலையில் மூட வேண்டும் என்பதை. மென்பொருள் நின்றுபோனால் மீண்டும் தொடங்கிக் கொள்ளலாம். தொலைநோக்கிக்குள் ஒளியைக் குவிக்கும் ஆடியின் மெல்லிய அலுமினியப் பூச்சின்மீதும் மோட்டார்களின் மின்சுற்றுகளிலும் மழைநீர் இறங்கிவிட்டால், அந்தப் பருவம் முழுவதற்குமான ஆய்வு நின்றுபோகக்கூடும்.

சூரியன் மறைந்து, மேற்கு ஒளி தொலைநோக்கியின் குழாயின்மேல் படாத நிலை வந்தவுடன் குவிமாடத்தின் பிளவைத் திறந்து வைக்கிறோம். பகலெல்லாம் சூடேறிய ஆடி, வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு இறங்கும்வரை அதன்மேல் வெதுவெதுப்பான காற்று எழுந்துகொண்டே இருக்கும். எவ்வளவு கவனமாகக் குவித்தாலும் விண்மீன் கலங்கியே தெரியும். அந்தக் காத்திருப்பு நேரத்தில்தான் குழாய்க்கும் அதன் எதிர் எடைக்கும் இடையிலான சமநிலையைச் சோதிக்கிறோம். கேமராவையோ வடிகட்டிச் சக்கரத்தையோ மாற்றிய நாளில் இதைத் தவிர்க்கவே கூடாது. எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது அச்சை இறுக்கிப் பிடிக்கும் கிளட்சைத் தளர்த்தினால் குழாய் தானாகவே சுழன்று, தொலைநோக்கியைத் தாங்கும் தூணில் மோதும். ஆகவே ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டே மறு கையால் தளர்த்த வேண்டும். மாட்டும்போது முதலில் எதிர் எடை, பிறகு குழாய். கழற்றும்போது முதலில் குழாய், பிறகு எதிர் எடை. எடைத்தண்டின் முனையிலுள்ள தடுப்புத் திருகைச் சிலர் அலங்காரம் என்று நினைத்துக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். எடை நழுவிக் காலில் விழாமல் காப்பது அந்தத் திருகுதான்.

தொலைநோக்கி திரும்பும்போது இருட்டில் ஆள் நிற்பதுதான் எனக்கு எப்போதும் கவலை. அதனால், ஆணை கொடுப்பவர் ‘திரும்புகிறது’ என்று உரக்கச் சொல்லி, உள்ளிருப்பவர் பதில் சொன்ன பிறகே பொத்தானை அழுத்த வேண்டும் என்று வைத்திருக்கிறோம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்கும்போதும் இதே விதிதான். விண்மீன்கள் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கே நகர்வதால், நடுவானைக் கடந்த பொருளை எதிர் எடை கொண்ட இத்தகைய தாங்கியில் (மவுண்ட்) நெடுநேரம் தொடர்ந்தால் குழாயின் பின்பகுதி தூணை நெருங்கிவிடும். மென்பொருளில் எல்லை வைத்திருந்தாலும், அந்த வேளையில் ஒருவர் எழுந்து சென்று குழாயையும் கம்பிகளையும் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்பதே என் வழக்கம்.

மூடுவதைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். தெளிந்த இரவில் முகப்புக் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. ஈரப்பதம் இன்னும் நூறை எட்டாதபோதே அதில் பனி படியத் தொடங்குவது இதனால்தான். எங்கள் வரம்பு 85 சதவீதம். வரம்பைத் தாண்டியவுடன், எந்தப் பொருள் பார்வையில் இருந்தாலும், எத்தனை மணி நேரத் தொடர் பதிவு பாதியில் நின்றாலும் மூடிவிட வேண்டும். மூடுவதென்று முடிவெடுப்பவர் அன்றைய இரவுப் பணியாளர். பேராசிரியரே உடனிருந்து இன்னும் பத்து நிமிடம் கேட்டாலும் அந்த முடிவு மாறாது. இந்த உரிமையை எழுத்தில் தர வேண்டும் என்று நான் வலியுறுத்தினேன். எழுத்தில் இல்லாத உரிமையை முதலாண்டு மாணவி ஒருத்தி மூத்தவர்கள் முன்னிலையில் பயன்படுத்துவாள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

படிந்த பனியைத் துணியால் துடைக்கவே கூடாது. கண்ணாடியிலுள்ள தூசி அதோடு சேர்ந்து உரசிக் கீறல் விழும். குவிமாடத்தை மூடி, ஈரம் தானாகவே உலர்ந்த பிறகுதான் முகப்பு மூடியைப் போட வேண்டும். ஈரத்தோடு மூடிவைத்தால் உள்ளே பூஞ்சை வளரும்.

பகலில் சூரியனைக் காட்டும் நிகழ்ச்சிகளுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. சூரிய வடிகட்டி குழாயின் முகப்பில்தான் இருக்க வேண்டும், காற்றில் கழன்றுவிடாதபடி இறுக்கப்பட்டிருக்க வேண்டும். கண்ணருகு வில்லையில் பொருத்தும் சிறு வடிகட்டிகளை நாங்கள் வைத்துக்கொள்வதே இல்லை. குவிந்த வெப்பத்தில் அவை வெடித்தால் கண் போய்விடும். பெரும்பாலானோர் மறப்பது, பக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கும் சிறிய தேடுநோக்கியை. அதையும் மூட வேண்டும். கழற்றி வைப்பது இன்னும் நல்லது. குழந்தைகள் முதலில் கண் வைப்பது அதில்தான், ஏனென்றால் அவர்கள் உயரத்துக்கு எட்டுவது அதுதான்.

இவ்வளவு கட்டுப்பாடும் இந்தச் சிறு கருவிக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்வேன். எச்.டி. 209458 என்ற விண்மீனின் முன்னே அதன் கோள் கடந்து செல்வதை 1999-இல் வெறும் 10 செ.மீ. துளையுள்ள கருவி பதிவு செய்தது. அப்போது குறைந்த ஒளி சுமார் ஒன்றரை சதவீதம்தான். அத்தகைய அளவீட்டைக் கெடுக்கக் கண்ணாடியின் ஓரத்தில் படியும் மெல்லிய பனியே போதும். கடிகாரமும் அப்படித்தான்: கணினியின் நேரம் 4 நிமிடம் பிசகியிருந்தால் தொலைநோக்கி ஒரு பாகை தள்ளி நிற்கும், அதாவது முழுநிலவின் அகலத்தைப் போல் இரு மடங்கு. நேரப் பிசகோடு பதிவான கோள் கடப்பு வேறு ஆய்வுக்கூடத்தின் பதிவோடு பொருந்தாது.

ஆகவே இரவு முடிவில் பதிவேட்டை நிரப்பாமல் யாரும் கிளம்புவதில்லை. ‘மவுண்ட் சரியில்லை’ என்ற வரியால் அடுத்து வருபவருக்குப் பயனில்லை. எந்தத் திசையில், எந்த உயரத்தில், எத்தனை மணிக்கு, என்ன சத்தத்தோடு நின்றது என்று வேண்டும். கேமராவைச் சற்றே திருப்பியிருந்தாலும் எழுத வேண்டும். தூசியின் நிழல்களை நீக்க அந்தியில் எடுத்துவைத்த ஃபிளாட் படங்கள் அதன்பிறகு பொருந்தாமல் போகும். எழுதி வைத்திருந்தால், மறுநாள் அந்தியில் வருபவர் வேறு எந்த வேலைக்கும் முன்னால் புதிதாக எடுத்துக்கொள்வார்.