புரிஞ்சுதா என்று கேட்பதை விட்ட பிறகு

ஒரு மழைக்காலத்தில், பத்துக் கிலோ எடையுள்ள ஒரு பெண் குழந்தைக்கு, நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தால் ஒரு நாள் முழுக்க இரண்டு மடங்கு பாராசிட்டமால் போய்ச் சேர்ந்தது. ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகே ஒரு சிறிய குழந்தைகள் கிளினிக்கில் மருந்தாளுநராக இருக்கிறேன். அன்றைக்கு வழக்கமாகக் கொடுக்கும், 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் தீர்ந்துபோயிருந்தது. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதை எடுத்து, பெட்டியின் மேல் '3 மில்லி' என்று எழுதிக் கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும் என்று நினைத்தேன். எழுதியும் கொடுத்தேன், வாயாலும் சொன்னேன். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டதற்குக் குழந்தையின் தாய் "புரிஞ்சுதுக்கா" என்றுதான் சொன்னாள்.

வீட்டில் நடந்தது வேறு. பெட்டி கிழிந்து குப்பைக்குப் போயிற்று. தாய் விடியற்காலையில் காசிமேட்டுக்கு மீன் எடுக்கக் கிளம்பிவிட்டாள். மருந்து கொடுத்தது குழந்தையின் ஆயா, அதாவது பாட்டி. போன மாதம் இதே நிறத்தில், இதே கம்பெனிப் பாட்டிலில் ஆறு மில்லி கொடுத்தது அவருக்கு நன்றாக நினைவிருந்ததால், இந்த முறையும் ஆறு மில்லியே கொடுத்திருக்கிறார், மூன்று வேளை. மாலையில் தாய் வந்து பாட்டிலில் இவ்வளவு குறைந்திருக்கிறதே என்று சந்தேகப்பட்டு, பாட்டிலையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு எங்களிடமே ஓடி வந்தாள். டாக்டர் பார்த்தார், ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையும் எடுத்தார், ஒன்றும் ஆகவில்லை. வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் இருக்க வேண்டியது 30 ஆகியிருந்தது. அது இன்னும் இரண்டு மூன்று நாள் அப்படியே தொடர்ந்திருந்தால் ஈரலைப் பாதித்திருக்கக்கூடும் என்பதை நினைத்தால் இன்றும் கை சில்லிட்டுப் போகிறது. அந்த ஆயா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டிருக்க வேண்டியவள் நான். "இது பழைய மருந்து இல்லை, இரண்டு மடங்கு வீரியமானது, அதனால்தான் பாதி அளவு" என்ற ஒரு வாக்கியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு அந்த 'புரிஞ்சுது' என்ற சொல்லைப் பற்றி நிறைய யோசித்தேன். மடியில் அழும் குழந்தை, வெளியே காத்திருக்கும் ஆட்டோ, பின்னால் நிற்கும் வரிசை, இத்தனைக்கும் நடுவே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தி 'புரிஞ்சுதா' என்று கேட்டால், இல்லை என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? அது எனக்குக் காட்டும் மரியாதை. மருந்தைப் பற்றி அது எனக்கு எதையும் சொல்வதில்லை. ஆகவே அந்தக் கேள்வியையே விட்டுவிட்டேன். இப்போது, "நான் சரியா சொன்னேனான்னு எனக்குத் தெரியணும்மா, வீட்டுல எப்படிக் குடுப்பீங்களோ அப்படி இங்க ஒரு தடவை எடுத்துக் காட்டுங்க" என்று, மருந்து அளக்கும் ஊசியில்லாத சிரிஞ்சை அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். சோதிக்கப்படுவது அவர்கள் இல்லை, நான்தான் என்று தோன்றும்படி சொல்வது முக்கியம். இல்லாவிட்டால் வெட்கப்பட்டு, "அவங்க அப்பாதான்கா குடுப்பாரு" என்று நழுவிவிடுவார்கள்.

அப்படி எடுத்துக் காட்டச் சொன்ன பிறகுதான் வீடுகளுக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று தெரிந்தது. ஒருத்தி பையிலிருந்து எடுத்துக் காட்டியது எவர்சில்வர் டீ ஸ்பூன். அதில் நான் நீரை அளந்து ஊற்றியபோது 3 மில்லிக்கே வழிந்தது. இன்னொரு வீட்டு ஸ்பூன் 6 மில்லிக்கு மேல் பிடித்தது. பாலாடையில் ஊற்றி 'கண்ணளவாக' கொடுப்பவர்கள் உண்டு. பாலாடை பால் புகட்டுவதற்கு அருமையான பாத்திரம், ஆனால் அதில் கோடு கிடையாது. பாட்டிலோடு வரும் மூடியில் கோடுகள் இருந்தாலும், ஒரு மில்லிக்கும் இரண்டு மில்லிக்கும் அதில் வித்தியாசம் காண்பது வெள்ளெழுத்து விழுந்த கண்ணுக்கு ஆகாத காரியம். எல்லாவற்றையும்விட ஆபத்தானது ட்ராப்ஸ். பச்சைக் குழந்தைக்கான மருந்து என்பதால் அது வீரியம் குறைந்தது என்றுதான் அநேகமாக எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ்: கொஞ்சம் உள்ளே போனால் போதும் என்பதற்காக, ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். 125 சிரப்பைவிட அது நான்கு மடங்கு. பத்துக் கிலோ குழந்தைக்குச் சிரப்பில் ஆறு மில்லி என்றால் ட்ராப்ஸில் ஒன்றரை மில்லிதான். தம்பியின் ட்ராப்ஸை அக்காவுக்குச் சிரப் அளவில் கொடுத்த வீட்டையும், அக்காவின் சிரப்பைத் தம்பிக்குச் சொட்டுக் கணக்கில் கொடுத்துவிட்டு ஜுரம் இறங்கவே இல்லை என்று வந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் எண்ணால் மட்டும் எழுதுவதில்லை. '1.5' என்று எழுதினால் நடுவில் உள்ள புள்ளி ஒரு துளி சிரப் பட்டாலே மறைந்து 15 ஆகிவிடும். 'ஒன்றரை' என்று எழுத்தில் எழுதி, சிரிஞ்சிலும் கோடு போட்டுக் கொடுக்கிறேன். பேனாக் கோடு இரண்டு தடவை கழுவினால் போய்விடுகிறது என்று ஒரு தாய் சொன்னாள். அவளே அடுத்த முறை நெயில் பாலிஷால் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். அது வாரக்கணக்கில் நிற்கிறது. அன்று முதல் என் மேசை இழுப்பில் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் இருக்கிறது. எங்கள் பகுதியில் தெலுங்கும் உருதும் பேசும் வீடுகள் நிறைய. தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தச் சிவப்புக் கோடு புரியும். ஆனால் பாட்டில் மாறினால் கோடும் மாற வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும். என் பழைய தவறே திரும்ப வருவதற்கான வழி அது.

வேளைக் கணக்கு இன்னொரு சிக்கல். 'மூன்று வேளை' என்றால் நம் வீடுகளில் அது சாப்பாட்டுக் கணக்கு. காலையில் இட்லிக்குப் பின் பத்து மணிக்கு ஒன்று, மதியம் ஒரு மணிக்கே சோறு ஊட்டியதும் இன்னொன்று என்று போய்விடும். ஜுர மருந்துக்கு இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும், ஒரு பகல் ஓர் இரவுக்குள் நான்கு தடவைக்கு மேல் போகக்கூடாது, ஜுரம் இல்லையென்றால் கொடுக்கவே வேண்டாம் என்று சொல்கிறேன். கொடுத்த நேரத்தைக் காலண்டர் தாளில் குறித்து வைக்கச் சொல்கிறேன், ஏனென்றால் ஆயா ஒரு முறை, சித்தி ஒரு முறை, வேலை முடிந்து வந்த அப்பா ஒரு முறை என்று பாசத்தாலேயே அளவு கூடும் வீடுகள் இவை. கால்பாலும் குரோசினும் டோலோவும் ஒரே மருந்துதான், சில சளி மருந்துகளுக்குள்ளும் அதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது என்பதைக் கேட்டு அதிர்ச்சி அடையாதவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

பொடியாக வரும் ஆன்டிபயாட்டிக் பாட்டிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு நான் கண்ட ஒரே வழி, முடிந்தவரை அங்கேயே கலக்கிக் கொடுத்துவிடுவதுதான். வேளைக்கு வேளை ஒரு ஸ்பூன் பொடியை மட்டும் கரைத்தவர்களும், கொதிக்கும் நீரை ஊற்றியவர்களும் உண்டு. ஆறிய நீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பின் கோடு வரை நிரப்ப வேண்டும். கலக்கிய அமாக்சிசிலின் கிளாவுலனேட்டை ஃபிரிட்ஜில் வைத்து ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சொன்னபோது, "ஃபிரிட்ஜ் இல்லக்கா" என்று ஒருத்தி தாழ்ந்த குரலில் சொன்னாள். அதன் பிறகு வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று முன்கூட்டியே நாசூக்காகக் கேட்டு, இல்லையென்றால் வெளியில் வைத்தாலும் தாங்கும் வேறு மருந்து உண்டா என்று டாக்டரிடம் போய் நிற்கிறேன்.

2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் குழந்தைகள் இறந்த செய்தியும், அவர்கள் குடித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்தது என்ற செய்தியும் வந்தபோது, ஜன்னல் முன் நின்றவர்களின் முகமே மாறிவிட்டது. எந்தப் பாட்டிலைக் கொடுத்தாலும், "இதுல விஷம் இல்லியே?" என்று கேட்டார்கள். நியாயமான பயம். பாட்டிலுக்குள் கலந்திருக்கும் நஞ்சுக்கு என் சிரிஞ்சும் சிவப்புக் கோடும் எந்தப் பதிலும் ஆகாது என்பதை ஒளிக்காமல் சொன்னேன். இரண்டு வயதுக்குக் கீழ் சளி, இருமல் மருந்தே கொடுக்க வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்தியச் சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது, நாங்கள் பல வருடமாகச் சொல்லியும் ஏறாத ஒரு விஷயத்தை ஒரே வாரத்தில் ஏற்றிவிட்டது. அந்த ஏற்றத்துக்குக் கொடுத்த விலையை நினைத்தால் அதில் மகிழ்ச்சி கொள்ள முடியவில்லை. பயத்தில் ஜுர மருந்தையும் சேர்த்துக் கொட்டிவிட்டு, 103 டிகிரியோடு குழந்தையை ஈரத்துணியில் சுற்றித் தூக்கி வந்தவர்களும் இருந்தார்கள்.

மருந்து கொடுக்கப்போகிறவர் யார் என்பதை இப்போது முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஆயா என்றால் ஆயாவை அழைத்து வரச் சொல்கிறேன், முடியாவிட்டால் தாயின் போனில் வீடியோ கால் போட்டுக் காட்டுகிறேன். பாட்டில் மீதே என் எண்ணையும் எழுதி ஒட்டுகிறேன். கிளினிக் நேரம் முடிந்த பிறகு அது ஒலிக்கத்தான் செய்கிறது.

சென்ற மாதம் ஓர் இரவு பதினொன்றரைக்கு ஒரு ஆயா கூப்பிட்டார். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. "ஏம்மா, நீ போட்ட செவப்புக் கோடு தெரியுது. உள்ள இருக்கற கறுப்பு ரப்பருக்கு மேல ஒரு வளையம், கீழ ஒரு வளையம் இருக்குதே, எது கோட்டுல நிக்கணும்?" என்றார். நான் ஒரு கணம் பேசவில்லை. இத்தனை வருடத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சிரிஞ்சு கொடுத்திருக்கிறேன், இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. "மேல் வளையம் ஆயா, மருந்தைத் தொட்டுக்கிட்டு இருக்குதே, அது" என்றேன். "அப்ப நான் கொஞ்சம் கம்மியா எடுத்துட்டேன், இரு" என்று போனைக் கீழே வைத்துவிட்டு, இருப்பதோடு இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளலாமா, முதலிலிருந்து எடுக்கவா என்று கேட்டார்.