தேயிலை கப்பலேறிவிட்டது, அக்செப்டன்ஸ் வரவில்லை

கோத்தகிரி பக்கமிருந்து ஆர்த்தடாக்ஸ் தேயிலையை (இலையைச் சுருட்டிச் செய்யும் பழைய முறைத் தேயிலை) நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் சின்ன ஃபேக்டரிக்காரர்களுக்காக எழுதுகிறேன். டீ போர்டு பதிவு, கொச்சியில் கன்டெய்னர் ஏற்றுவது எல்லாம் விவரமான ஆள் கிடைத்தால் நடந்துவிடும். வயிற்றெரிச்சல் அதற்கப்புறம்தான்.

எங்கள் எல்.சி. (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) 90 நாள் தவணை. குன்னூர் ஏலத்தில் விற்றால் ப்ராம்ப்ட் தேதிக்குள் (ஏலத்தில் எடுத்தவர் பணம் கட்டவேண்டிய கடைசி நாள்) காசு வந்துவிடும். பச்சை இலை போட்ட விவசாயிகளிடம் போய் மூன்று மாதம் பொறுங்கள் என்று சொல்ல முடியுமா? பில்லை டிஸ்கவுண்ட் செய்தே ஆகவேண்டும், அதாவது வட்டியைக் கழித்துக்கொண்டு வங்கி பணத்தை முன்னாலேயே கொடுக்கவேண்டும். வாங்குபவரின் வங்கி ‘தவணை நாளில் பணம் தருகிறோம்’ என்று ஏற்றுக்கொண்டு (இதுதான் அக்செப்டன்ஸ்) செய்தி அனுப்பினால்தான் காசு என்று எங்கள் வங்கி சொல்லிவிட்டது.

மலையில் உள்ள கிளையில் அந்நியச் செலாவணி கிடையாது, எல்லாம் கோயம்புத்தூருக்குப் போகும். கிளையில் கேட்டால் “அங்கே கேளுங்க”. அங்கே கேட்டால் “உங்க பிராஞ்ச் வழியா வாங்க”. நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் மலைப்பாதையில் மரம் விழுந்து கிடந்தது. போய்ச் சேரும்போது மணி நாலு. சம்பந்தப்பட்ட அதிகாரி லீவு. டீ கூடக் குடிக்காமல் திரும்பினேன்.

இதற்குள் எதிர் வங்கியிலிருந்து, அதாவது வாங்குபவரின் வங்கியிலிருந்து, மறுப்புச் செய்தி (வங்கிகளுக்கு இடையே போகும் ஸ்விஃப்ட் செய்திகளில் எம்.டி. 734 என்ற வகை) வந்து கிளையின் மெயிலில் தூங்கிக்கொண்டிருந்தது. காரணம்? சரக்கு எந்த நாட்டுடையது என்று காட்டும் சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜினில் ‘ஆர்த்தடாக்ஸ்’ என்ற சொல்லில் ஏஜென்ட் ஆபீசில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்கள். கிளார்க் அலட்டிக்கொள்ளாமல், “பார்ட்டிகிட்ட பேசி முடிச்சுக்குங்க சார்” என்றார். தேயிலை விலை இறங்கியிருக்கும் நேரத்தில் வாங்குபவரிடம் இதைக் கொண்டுபோனால், விலையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்றுதான் கேட்பார்.

அப்போது கைகொடுத்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கும், வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, “பேங்க் அக்செப்டன்ஸா? ஒரு காலத்துல வியாபாரத்தோட நாடியே அதுலதான் பார்ப்பாங்க தம்பி” என்று ஆரம்பித்துவிட்டார். அமெரிக்காவில் 1913 ஃபெடரல் ரிசர்வ் சட்டம்தான் தேசிய வங்கிகளுக்கு இப்படி பில் ஏற்கும் உரிமையைக் கொடுத்ததாம். ஒவ்வொரு பில்லுக்குப் பின்னாலும் எங்கோ ஒரு சரக்கு நகர்கிறது, அல்லது கிடங்கில் கிடக்கிறது. அதனால் நிலுவையில் உள்ள பில்களை இறக்குமதி, ஏற்றுமதி, கிடங்குச் சரக்கு என்று பிரித்துக் கணக்கு வைத்தார்கள். அந்த நிலுவை 1929 முடிவில் 170 கோடி டாலருக்கு மேல் இருந்தது, முப்பதுகளின் நடுவில் சுமார் 40 கோடிக்கு வந்துவிட்டது. வியாபாரம் படுத்ததும், கடன் கொடுக்க ஆள் இல்லாததும் அந்த ஒரே வரிசையில் தெரியும். “ஆனா எண் இறங்கினாலே வியாபாரம் படுத்துச்சுன்னு சொல்லிடாதே” என்றும் எச்சரித்தார். எண்பதுகளின் நடுவிலிருந்து அது தேய்ந்ததற்குக் காரணம், கமர்ஷியல் பேப்பர் (கம்பெனிகளே வெளியிடும் குறுகிய காலக் கடன் பத்திரம்) மாதிரி வேறு வழியில் கம்பெனிகளுக்குப் பணம் மலிவாகக் கிடைத்ததும்தான். நம் ரிசர்வ் வங்கியும் 1970இல் புதிய பில் சந்தைத் திட்டம் கொண்டுவந்து பார்த்ததாம். ஒரு வரம்பு வரை வங்கியில் எடுத்துப் புழங்கும் கேஷ் கிரெடிட்டில் ஊறிப்போன நம் ஆட்கள் பில் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. “உங்க கிளார்க் அக்செப்டன்ஸை எங்கே பார்த்திருக்கப் போறாரு?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். ஆவணச் சரிபார்ப்புக்கு ஐ.எஸ்.பி.பி. என்று சர்வதேச வணிகச் சபையின் நடைமுறைத் தொகுப்பு இருக்கிறது. பொருள் மாறாத எழுத்துப் பிழை முரண்பாடு ஆகாது என்று அதில் இருக்கிறது. மாடல் எண் 321க்குப் பதில் 123 என்று இருந்தால் அது வேறு பொருள். ஓர் எழுத்து விட்டுப்போன ‘ஆர்த்தடாக்ஸ்’ அதே தேயிலைதான். இன்னொன்று: மறுக்கும் வங்கி, ஆவணம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி வேலை நாளுக்குள், எல்லாக் குறையையும் ஒரே செய்தியில் சொல்லிவிட வேண்டும். பிறகு புதிதாக ஒன்றைக் கிளப்ப முடியாது. எங்களுடையதில் இருந்தது ஒரே குறை.

அந்த விதியைக் குறிப்பிட்டுக் கோயம்புத்தூர் மூலம் பதில் போனது. எதிர் வங்கி ஏற்றுக்கொண்டது, ஆனால் செய்தி எம்.டி. 999இல் வந்தது. அதில் அங்கீகாரச் சரிபார்ப்பு கிடையாது, அதை நம்பி டிஸ்கவுண்ட் செய்ய முடியாது என்றார்கள். இதில் மட்டும் அவர்கள் சொன்னது நியாயம். மறுபடி கேட்டு, தவணைத் தேதி தெளிவாகக் குறித்த, சரிபார்ப்பு உள்ள எம்.டி. 799 வந்ததும் கணக்கில் பணம் ஏறியது. இலைக்காரர்களுக்கு அன்று சாயங்காலமே பட்டுவாடா செய்தேன்.

நீங்கள் அனுப்பும்போது ஏஜென்ட் தயாரிக்கும் ஒவ்வொரு தாளின் நகலையும் கையெழுத்தாவதற்கு முன்பே வாங்கி, எல்.சி.யைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கூரியர் எதிர் வங்கியில் சேர்ந்த தேதியைக் குறித்துக்கொண்டு, அன்றிலிருந்து கிளையைத் தினமும் நச்சரியுங்கள். செய்தி வந்தால் தாங்களாகக் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். நல்ல பிள்ளை என்று பேர் வாங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை.

குறையே இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகும் எதிர் வங்கி டிஸ்கிரிபன்சி (முரண்பாடு) கட்டணம் என்று ஒரு தொகையைப் பிடிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறது. அதை ரத்து செய்யச் சொல்லி எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.