53 என்றால் சட்ஜம்

நம் கல்லூரிச் சங்கீத மாஸ்டரைப் பற்றி எழுதித் தரும்படி சங்க மலர்க்குழுவினர் கேட்டார்கள். சரி என்று உட்கார்ந்தால் பேனா கணினிப் பக்கமே போகிறது. காரணம் உண்டு. அவர் சொல்லித் தந்ததில் பாதி எனக்கு விளங்கியது, கணினி வாசிப்பதற்காக மெட்டமைக்கத் தொடங்கிய பிறகுதான்.

எழுபதுகளின் கடைசியில் நம் கல்லூரியில் சங்கீதம் படித்த பெடியன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் போகிறவர்களை மாஸ்டர் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வைத்திருந்து படிப்பிப்பார். கரும்பலகையில் சுரம் எழுதுவார்: மேல் ஸ்தாயிக்கு (ஸ்தாயி என்பது ஒரு 'ச'வில் இருந்து அடுத்த 'ச' வரை) எழுத்தின் மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி, வேகமாகப் போகிற இடத்துக்கு மேலே ஒரு கோடு. தோடி ராகத்தில் காந்தாரம், அதாவது 'க', வந்தால் மட்டும் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுட்டுவிரலால் காற்றில் ஒரு வளைவு போடுவார். "இதிலை நிக்காதை தம்பி, அசைச்சுக்கொண்டு போ." பலகையில் இருந்தது வெறும் 'க'. நாங்கள் கொப்பியில் எழுதியதும் அதுதான். விரல் போட்ட கோட்டை யார் எழுதினார்கள்?

1985இல் லண்டனில் படித்தபோது ஆய்வுகூடத்தில் பிபிசி மைக்ரோ கணினிகள் இருந்தன. பகலில் அதில் பாடம், பின்னேரத்தில் பாட்டு. அதன் சவுண்ட் கட்டளைக்கு நான்கு எண்கள் கொடுக்க வேண்டும்: எந்தத் தடம், எவ்வளவு சத்தம், எந்தச் சுருதி, எவ்வளவு நேரம். சத்தத்தில் -15தான் உச்சம், 0 என்றால் மௌனம். (கழித்தல் எண் ஏன் என்று அப்போது எனக்கும் எரிச்சல்தான். கூட்டல் எண்களை வேறொரு வேலைக்கு ஒதுக்கியிருந்தார்கள், அது பிறகு வரும்.) நேரத்துக்கு அலகு விநாடியில் இருபதில் ஒரு பங்கு. சுருதியில் 53 என்பது பியானோவின் நடு 'சி'. அதைச் சட்ஜமாக, அதாவது 'ச'வாக, வைத்துக்கொண்டேன். ஒரு ஸ்தாயிக்கு 48 படிகள், அரைச்சுரத்துக்கு நான்கு. ஆக ச, ரி, க, ப, த என்று ஐந்து சுரமுள்ள மோகன ராகம் என்றால் 53, 61, 69, 81, 89, மேல் சட்ஜம் 101.

சுரத்துக்கு மூன்று தடம், இரைச்சலுக்கு ஒன்று. கச்சேரிக்கு இது போதும் என்று எனக்குப் பட்டது. ஒன்றில் சட்ஜம், ஒன்றில் பஞ்சமம் ('ப'), இரண்டும் சேர்ந்து தம்புரா. மூன்றாவதில் பாட்டு. இரைச்சல் தடத்தில் ஆதி தாளம், தட்டுக்குப் பெரிய சத்தம், விரல் எண்ணிக்கைக்குச் சின்னது. மோகனத்தில் நானே அமைத்த ஒரு சின்ன உருப்படியை அதற்கு எண்களாக எழுதிக் கொடுத்தேன். பரவாயில்லாமல் இருந்தது. மோகனம் தாராள மனதுள்ள ராகம், நேராகப் பிடித்த சுரத்தையும் ஏற்றுக்கொள்ளும்.

தோடி அப்படி விடுமா? காந்தாரம் 65. அந்த எண்ணைக் கொடுத்தால் கணினி 65இல் ஏறி நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். ராகம் எங்கே என்று தேட வேண்டும். அங்கேதான் என்வலப் என்ற கட்டளை கைகொடுத்தது. சவுண்டில் சத்தம் கேட்கிற இடத்தில் ஒரு கூட்டல் எண்ணைப் போட்டால் அந்த எண்ணுள்ள என்வலப்பைக் கணினி எடுத்துக்கொள்ளும். ஒரு என்வலப்புக்கு 14 எண்கள். அவற்றில் ஆறு, சுருதி எப்படி ஏறி இறங்க வேண்டும் என்பதற்கு: மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படியில் எவ்வளவு நகர வேண்டும், எத்தனை படி என்று. வரைபுத்தாளை எடுத்து மாஸ்டரின் விரல் போன வழியை நினைவில் இருந்து கீறினேன். காந்தாரத்துக்குக் கீழே உள்ள ரிஷபம் ('ரி') 57, மேலே உள்ள மத்திமம் ('ம') 73. இரண்டுக்கும் இடையில் ஏறி இறங்கும் ஒரு வளைவு.

ஓட விட்டால் அம்புலன்ஸ் போகிறது! அந்த வளைவு ஒரே வேகத்தில், ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்தது. கூட இருந்த ஆபிரிக்க நண்பன் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தான். மாஸ்டரின் விரலோ கீழே லேசாகத் தொட்டு, மேலே மத்திமத்துக்குக் கிட்டத் தயங்கி, வழுக்கிக்கொண்டு இறங்கும். அடுத்த முறை அதே காந்தாரம் வரும்போது வேறு மாதிரிப் போகும், ஏனென்றால் ரிஷபத்தில் இருந்து ஏறி வருவது ஒன்று, மத்திமத்தில் இருந்து இறங்கி வருவது இன்னொன்று. அதனால் ஒவ்வொரு காந்தாரத்துக்கும் தனித்தனியாக எண்களைக் கணக்குப் பார்த்து எழுத வேண்டியதாயிற்று. எங்களுக்கு அவர் பாடிக் காட்டியதே போதுமாக இருந்தது. கணினிக்குக் காது இல்லை, எழுதாதது எதுவும் அதற்குக் கிடையாது.

பிறகு மெல்பேணுக்குக் குடிவந்தேன். ஸ்பொட்ஸ்வூட்டில் உள்ள சயன்ஸ்வேர்க்ஸ் காட்சியகத்தில் சிசிராக் என்ற பழைய கணினி இருக்கிறது, பிள்ளைகளோடு போகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1949இல் சிட்னியில் ஓடத் தொடங்கி, 1955இல் இங்கே மெல்பேண் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. 1951 ஓகஸ்டில் சிட்னியில் நடந்த கணினி மாநாட்டில் அது 'கேணல் போகி' என்ற இராணுவ அணிநடை மெட்டை வாசித்தது. நிரல் எழுதியவர் ஜெவ் ஹில். அதில் இருந்த ஒலிபெருக்கி இசைக்காக வைத்ததல்ல, நிரல் எந்தக் கட்டத்தில் ஓடுகிறது என்று காதால் அறிவதற்கு. அதற்குத் துடிப்புகளைச் சரியான இடைவெளியில் அனுப்பினால் சுரம். ஆனால் நினைவகம் பாதரசக் குழாய்களுக்குள் சுற்றிவரும் ஒலித்துடிப்புகள். வேண்டிய எண் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இராது. கணக்குத் தவறினால் சுருதி ஆடும். அவர்கள் சுரம் ஆடாமல் நிற்கப் பாடுபட்டிருக்கிறார்கள், நான் நிற்கிற சுரத்தை ஆட்டப் பாடுபட்டேன் என்று அதன் முன்னால் நின்று சிரித்துக்கொண்டேன்.

இப்போது மடிக்கணினியும் மிடியும். கணினிக்கும் இசைக்கருவிக்கும் இடையில் சுரங்களை எண்களாக அனுப்ப 1983இல் வந்த மிடி முறை அடிப்படையில் பியானோக் கட்டைகளுக்கான கணக்கு. சுருதியை வளைக்க 16,384 நிலைகள் உண்டென்றாலும், வளைத்தால் அந்தத் தடத்தில் உள்ள சுரங்கள் எல்லாம் சேர்ந்தே வளையும். அதனால் வீணைக்கு ஒன்று, குழலுக்கு ஒன்று என்று தனித் தடம் வைக்கிறேன். நம் சங்கக் கலைமாலைக்கு நான் அமைக்கிறவற்றில் மிருதங்கத்துக்கு மட்டும் ஆள்தான். கணினித் தாளத்தோடு வாசித்தால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை.

ஒரு உதவி. மாஸ்டர் நமக்காக அமைத்துத் தந்த சிட்டைசுரங்கள் (பாட்டோடு சேர்த்துப் பாட முன்கூட்டியே கோத்த சுர வரிசைகள்) எழுதிய என் கொப்பி, யாழ்ப்பாணத்து வீட்டோடு போய்விட்டது. யாரிடமாவது இருந்தால் படம் எடுத்து மலர்க்குழுவுக்கு அனுப்புங்கள். மோகனமும் பைரவியும் நினைவில் இருக்கின்றன. தோடிப் பக்கங்கள்தான் வேண்டும்.