டிராஃப்ட்டில் கிடக்கும் வேலை

பெங்களூரில் சோஷியல் மீடியா பார்த்துக்கொள்ளும் சின்ன அலுவலகங்களில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. சிக்பேட்டை பட்டுக்கடை, ஜெயநகர் பல் கிளினிக், அல்சூர் ஸ்வீட் கடை என்று ஒருவர் பொறுப்பிலேயே நான்கைந்து கணக்குகள் இருக்கும். போஸ்ட் ஆனதை எல்லாரும் பார்க்கிறார்கள். லைக், ரீச் என்று மாதக் கடைசியில் ரிப்போர்ட்டும் போகிறது. போஸ்ட் ஆகாமல் கிடப்பதை யாரும் எண்ணுவதில்லை. எடுத்து, வெட்டி, பாட்டுச் சேர்த்து, கேப்ஷன் எழுதி, "அப்புறம் போடலாம்" என்று ஒதுக்கி வைத்த டிராஃப்ட்டுகள் அவை. அத்தனையும் சம்பளம் கொடுத்துச் செய்த வேலை. அதை எங்கே வைக்கிறோம், யார் பெயரில் வைக்கிறோம் என்பதில் காட்டும் அலட்சியம்தான் இந்தத் தொழிலில் பல சங்கடங்களுக்குக் காரணம்.

முதலில் இடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராம் செயலியில் சேமிக்கும் ரீல்ஸ் டிராஃப்ட் அந்த ஃபோனிலேயே தங்குகிறது. அதே கணக்கை வேறு ஃபோனில் திறந்தால் அது தெரியாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மெட்டா பிசினஸ் சூட்டில் வைக்கும் டிராஃப்ட் சர்வரில் இருக்கிறது; அந்தப் பக்கத்துக்கு அனுமதி உள்ள எல்லாரும் பார்க்கலாம், ஆனால் இன்ஸ்டாகிராம் செயலியின் டிராஃப்ட் வரிசையில் அது வராது. ஷெட்யூல் செய்தது மூன்றாவது ரகம். ஃபோன் அணைந்து கிடந்தாலும் குறித்த நேரத்தில் அது தானாக வெளியே போய்விடும். மூன்றையும் சேர்த்து "டிராஃப்ட்ல இருக்கு" என்று பதில் சொல்லும் அலுவலகத்தில், திங்கட்கிழமை காலையில் ஏதாவது ஒன்று காணாமல் போயிருக்கும், இல்லையென்றால் போகக் கூடாதது போயிருக்கும்.

ஃபோனில் தங்கும் டிராஃப்ட்டுக்கு ஆயுள் குறைவு. செயலியை அன்இன்ஸ்டால் செய்தால் போயிற்று. ஃபோன் மாற்றினால், சர்வீஸ் சென்டரில் ரீசெட் செய்தால் போயிற்று. ஆண்ட்ராய்டில் இடம் போதவில்லை என்று செட்டிங்ஸுக்குள் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: 'கிளியர் கேஷ்' அழுத்தினால் தற்காலிகக் கோப்புகள் மட்டும் போகும், அதை ஒட்டியே இருக்கும் 'கிளியர் டேட்டா' அழுத்தினால் டிராஃப்ட்டும் சேர்ந்து போகும். ஸ்டோரி டிராஃப்ட்டுக்கு இன்ஸ்டாகிராம் கொடுப்பது 7 நாள்தான். இன்ஷாட் போன்ற எடிட்டிங் செயலிகளில் வேறொரு சிக்கல். அங்கே டிராஃப்ட் என்பது வெட்டிய குறிப்புகள் மட்டுமே. மூல வீடியோ கேலரியில் இருக்கிறது. இடம் பற்றாமல் கேலரியைச் சுத்தம் செய்தால் டிராஃப்ட் திறக்கும், உள்ளே கிளிப் இருக்காது.

இதன் பெரிய பாடம் 2020 ஜூன் 29 அன்று கிடைத்தது. டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு அன்று தடை விதித்தது. செயலி இயங்குவது நின்றதும், அதற்குள் மட்டும் வைத்திருந்த டிராஃப்ட்டுகளைத் திறக்க வழியில்லாமல் போனது. கேலரியில் ஒரு நகல் வைத்திருந்தவர்கள் அதே வீடியோக்களோடு அடுத்த செயலிக்கு நகர்ந்தார்கள்.

அதனால் மூலம் எப்போதும் செயலிக்கு வெளியே இருக்க வேண்டும். கூகுள் டிரைவில் கணக்குக்கு ஒரு ஃபோல்டர், கூடவே எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஷீட். இவ்வளவு போதும்; மாதச் சந்தா கட்டும் கருவிகள் சின்ன டீமுக்குத் தேவைப்படுவதில்லை. ஃபைல் பெயரில் வருடம் முதலில் வரட்டும்: 2025-08-08-பட்டுக்கடை-3. அப்போதுதான் ஃபோல்டர் தேதி வரிசையில் நிற்கும். கடைசி எண் எத்தனையாவது திருத்தம் என்பது. 'ஃபைனல்' என்று ஃபைலுக்குப் பெயர் வைக்கவே கூடாது, அதற்குப் பிறகும் திருத்தம் வரும். ஷீட்டில் ஒரு வரிக்கு ஒரு போஸ்ட்: எந்தக் கணக்கு, முழு கேப்ஷன், ஃபைல் பெயர், பாட்டின் பெயர், பொறுப்பு யார், கடைக்காரர் சம்மதித்த தேதி, எந்தத் தேதிக்கு மேல் போடக் கூடாது.

பாட்டின் பெயரைத் தனியாகக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்ஸ்டாகிராமின் இசைத் தொகுப்பிலிருந்து பாட்டுச் சேர்த்த ரீலை ஃபோனில் இறக்கினால் படம் வரும், அந்தப் பாட்டு வராமல் போகலாம். பிசினஸ் கணக்குகளுக்குக் கிடைக்கும் பாட்டுகளும் குறைவு. இன்று இருக்கும் பாட்டு அடுத்த மாதம் நீக்கப்பட்டிருக்கலாம். பேச்சும் இசையும் கலந்த ரீலாக இருந்தால், பாட்டுச் சேர்ப்பதற்கு முன்பே ஒரு நகலை எக்ஸ்போர்ட் செய்து ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும்.

தமிழ் கேப்ஷனுக்கென்று சில தொல்லைகள் உண்டு. போஸ்டர் செய்பவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அதைக் காப்பி செய்து கேப்ஷனில் ஒட்டும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வரும். எனவே கேப்ஷன் ஷீட்டில், எங்கே ஒட்டினாலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் பிறக்க வேண்டும், அங்கிருந்து போஸ்டருக்குப் போக வேண்டும். எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் ஒரு போஸ்டுக்கு உள்ள 280 எழுத்து வரம்பும் தமிழில் ஏமாற்றும். 'பெங்களூரு' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கொம்பு, புள்ளி, சுழி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் எக்ஸுக்கு அது ஒன்பது. ஆங்கிலத்தில் சரியாக அடங்கிய செய்தி தமிழாக்கிய பிறகு வழிவதன் காரணம் இதுதான். போஸ்ட் செய்யும் நேரத்தில் வெட்டினால் விலையோ முகவரியோதான் பலியாகும். ஷீட்டிலேயே எண்ணிச் சுருக்கிக்கொள்வது நல்லது. எக்ஸ் செயலியில் ஃபோனில் வைத்த டிராஃப்ட் கம்ப்யூட்டரில் திறக்கும் எக்ஸில் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

கடைக்காரரின் சம்மதம் வாங்குவது அடுத்த கட்டம். ஃபோனில் உள்ள டிராஃப்ட்டை அப்படியே யாருக்கும் அனுப்ப முடியாது. ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து அனுப்பினால் பட்டன்களும் சேர்ந்து வரும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தெளிவு குறைந்து, "என்னப்பா, விலை சரியா தெரியலையே" என்று பதில் வரும். டாக்குமெண்ட்டாக அனுப்ப வேண்டும். "ஓகேப்பா" என்று வரும் பதில் இரண்டாம் திருத்தத்துக்கா மூன்றாவதுக்கா என்ற குழப்பம் தீர, அந்த வீடியோவுக்கே ரிப்ளையாக ஓகே போடும்படி கேட்டு வாங்குங்கள். விலை தப்பாகப் போன நாளில் இந்தச் சின்ன ஒழுங்குதான் கைகொடுக்கும்.

டிராஃப்ட்டும் காலாவதி ஆகும். பெங்களூரில் இது இன்னும் கூர்மையானது, ஏனென்றால் ஒரே கடைக்கு இரண்டு பஞ்சாங்கம். நம் ஆடி சூரியக் கணக்கு. கன்னடக்காரர்களின் ஆஷாடம் சந்திரக் கணக்கு. 2025-இல் ஆஷாடம் ஜூலை 24-உடன் முடிந்து மறுநாள் ஸ்ராவணம் பிறந்துவிட்டது. நமக்கு ஆடி ஆகஸ்ட் 16 வரை ஓடியது. நடுவில் ஆகஸ்ட் 8 வரமகாலட்சுமி விரதம். ஜூலை கடைசியில் "ஆஷாடத் தள்ளுபடி" என்ற கன்னட டிராஃப்ட் பழசாகிவிட்டது, அதன் தமிழ் ஜோடியான "ஆடித் தள்ளுபடி" இன்னும் செல்லும். இரண்டுக்கும் ஒரே காலாவதி தேதி போட்டால் ஒன்று கண்டிப்பாகத் தப்பும். ஊர் நிலவரமும் டிராஃப்ட்டைக் கெடுக்கும். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, ஹோலி மழை நடனங்களுக்குக் காவிரி நீரையும் போர்வெல் நீரையும் பயன்படுத்தக் கூடாது என்று குடிநீர் வாரியம் சொன்னது. தண்ணீர் பீய்ச்சும் ஹோலி ரீல் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அந்த வருடம் அது செல்லாது. அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. விலை, சலுகை, தேதி உள்ள எதையும் அழித்துவிட்டு மூல வீடியோவை மட்டும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஷெட்யூல் செய்ததை நிறுத்தத் தெரிந்திருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். 2025 ஜூன் 3 இரவு பெங்களூரின் கிரிக்கெட் அணியான ஆர்சிபி முதல் முறையாக ஐபிஎல் கோப்பையை வென்றது. மறுநாள் மாலை சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அந்த மாலையில் ஊர்க் கணக்கு எதிலும் கொண்டாட்டப் போஸ்ட் போக முடியாது, போகவும் கூடாது. இன்ஸ்டாகிராமில் 75 நாள் முன்கூட்டியே ஷெட்யூல் செய்யலாம். ஆனால் அவசரத்தில் அதை ரத்து செய்யப் போகிறவர் கவனிக்க வேண்டும், அதே பட்டியலில் 'ஷேர் நவ்' என்பதும் இருக்கிறது. பதற்றத்தில் விரல் தவறினால் நிறுத்த வந்தவரே வெளியிட்டுவிடுவார். போஸ்டை நிறுத்தினாலும் பணம் கட்டி பூஸ்ட் செய்த பழைய விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை மெட்டாவின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜரில் தனியாக நிறுத்த வேண்டும். கடைக்காரரிடம் கேட்காமலேயே எல்லாவற்றையும் நிறுத்தும் அதிகாரம் டீமில் ஒருவருக்கு இருக்கட்டும். நிறுத்தியதை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். துக்க நாளில் போன வாழ்த்தை எவ்வளவு வேகமாக அழித்தாலும் அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள்.

இந்த ஊரில் வேலை மாறுவது சகஜம். நோட்டீஸ் கொடுத்த தம்பியின் லேப்டாப்பை வாங்கி வைப்பார்கள், பாஸ்வேர்டை மாற்றுவார்கள். அவர் சொந்த ஃபோனில் கிடக்கும் டிராஃப்ட்டை யாரும் கேட்பதில்லை. கணக்கிலிருந்து அவரை வெளியேற்றுவதற்கு முன்பே அவரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கணக்காக மாற்றி டிராஃப்ட் பட்டியலைத் திறக்க வேண்டும், ஏனென்றால் ஒரு கணக்கின் டிராஃப்ட் இன்னொன்றில் தெரியாது. வேண்டியதை இறக்கி டிரைவில் ஏற்றி, பாட்டின் பெயரை ஷீட்டில் எழுதி, பொறுப்பாளர் கட்டத்தில் அடுத்தவர் பெயரைப் போட்ட பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள்.