விட்டுக்கொடுக்கிற பையன் வேண்டாம்

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். மல்யுத்தத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மாணவிகள் பயிற்சிக்குப் போனால் கூடவே பெண் ஆசிரியை ஒருவர் இருக்க வேண்டும் என்பதால், "டீச்சர், நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்" என்று சொல்லி அதிபர் என்னை அனுப்பிவைத்தார். சும்மா உட்காரப் போனவள், நிறை, நகம், தோடு, தாய்மாரின் கோபம் என்று எல்லாவற்றுக்கும் பொறுப்பாகிவிட்டேன். இப்போது பெண்பிள்ளைகளை மல்யுத்தத்துக்கு எப்படிப் பழக்குவது என்று வேறு பாடசாலைகளிலிருந்தும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடுவது லேசு.

முதலில் ஒரு விஷயம். போட்டியில் பெண்ணுக்குப் பெண்தான், பையனுக்குப் பையன்தான். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் சேர்க்கப்பட்டபோதும் அப்படித்தான், எங்கள் பாடசாலைப் போட்டிகளிலும் அப்படித்தான். அமெரிக்காவில் கதை வேறு. பெண்கள் அணி இல்லாத பாடசாலைகளில் பெண்பிள்ளைகள் பையன்களின் அணியிலேயே சேர்ந்து, போட்டியிலும் பையன்களோடே மோதியிருக்கிறார்கள். 2011இல் அயோவா மாநிலப் போட்டியில் ஒரு பையன், பெண்ணோடு மோதுவது தன் மத நம்பிக்கைக்கு ஒத்துவராது என்று விலகிக்கொள்ள, வெற்றி அந்தப் பிள்ளைக்குப் போனது. எங்களுக்கு அந்தச் சிக்கல் போட்டியில் வரவில்லை, பயிற்சியில் வந்தது. மல்யுத்தம் பழக வந்த பெண்பிள்ளை ஒருத்திதான். தரம் 9. அவளோடு பழக இருந்தவர்கள் எல்லாரும் பையன்கள்.

பிடித்தால் விடமாட்டாள் என்று பசங்கள் அவளை 'உடும்பு' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

முதல் தடை அவளுடைய அம்மா. "டீச்சர், அவ வயசுக்கு வந்த புள்ள. ஆம்பளப் பசங்களோட கட்டிப் புரண்டா நாலு பேரு என்னா சொல்லுவாங்க?" தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், நாலு பேரோடு நிற்காது. பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை. இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் கேட்கும். நான் வாதாடவில்லை. 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் 50 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கிய நெத்மி பொருதொட்டகேயின் வீடியோவைப் போனில் காட்டினேன். பார்த்துவிட்டு, "அது சரி, அந்தப் புள்ள பொம்பளையோடதானே சண்ட போடுது" என்றார். நியாயமான கேள்விதான். "வந்து ஒரு நாள் பாருங்க, பிடிக்கலன்னா கூட்டிட்டுப் போயிருங்க" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டது அந்த வார்த்தைக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்கு ஆட்சேபணை இல்லை. அவருடைய கவலை நிறையைப் பற்றி. பாடசாலைத் தராசு பழுது என்பதால் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் தராசிலேயே நிறுத்துப் பார்க்கலாம் என்று அவர்தான் யோசனை சொன்னார். கொக்கியில் சாக்கு ஒன்றைத் தொட்டிலாகக் கட்டி, அதில் மகளைக் குந்தவைத்து, முள் ஆடி நிற்கும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதோட ரெண்டு கிலோ கூட்டிக்கங்க டீச்சர், இந்தத் தராசு எப்பவும் கழிச்சுத்தான் காட்டும்" என்றார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் கணக்கப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார்.

கோச் கினிகத்தேனைப் பக்கத்துக்காரர், இராணுவத்தில் மல்யுத்தம் செய்தவர். தமிழ் அரைகுறை, என் சிங்களமும் அரைகுறை, எப்படியோ ஓடியது. முதல் நாளே எல்லாரையும் உட்காரவைத்து, எங்கே பிடிக்கலாம் என்று ஒரு பையனை நிற்கவைத்துக் காட்டினார். மணிக்கட்டு, முழங்கை, அக்குளுக்குள் கை, பிடரி, முழங்காலின் பின்பக்கம், கணுக்கால். கை தவறி வேறெங்காவது பட்டால் விட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும், அதைப் பற்றி ஒரு பேச்சும் கூடாது. வலித்தால் இரண்டு தட்டு. தட்டியதும் அந்த நொடியே விட வேண்டும். மண்டபத்தின் கதவும் ஜன்னலும் திறந்தே இருக்கும். என் கதிரை வாசலில். இந்த ஏற்பாட்டை வெளியில் இருப்பவர்கள் பெரிய விஷயமாக நினைப்பதில்லை. எனக்கோ, பாதி லயத்தின் வாயை மூடியது அந்தத் திறந்த கதவுதான் என்று படுகிறது.

மிச்சமெல்லாம் துப்புரவு. நகத்தை ஒட்ட வெட்டணும். தோடு, மோதிரம் கூடாது. இரட்டைப் பின்னலைச் சுருட்டிக் கட்டணும், இல்லாவிட்டால் எதிராளியின் கண்ணில் அடிக்கும். யாருக்காவது தோலில் படை இருந்தால் ஆறும் வரைக்கும் ஓரமாக நிற்கணும், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் மெட், அதாவது மோதுகிற விரிப்பு, பழையது, பஞ்சுத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. மழைக்காலத்தில் மூடுபனி மண்டபத்துக்குள்ளேயே வந்துவிடும், மெட் ஈரம் பிடிக்கும். அதை டெட்டோல் தண்ணீரால் துடைப்பது தினசரி வேலை, ஆண் பெண் பேதம் இல்லாமல். என் அலுமாரியில் ஒரு பாக்கெட் சானிட்டரி பேட் எப்போதும் இருக்கும். பெண்பிள்ளைகளைப் பழக்க நினைக்கிற ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் உண்மையான பிரச்சினை தொடங்கியது. பையன்கள் அவளை முரட்டுத்தனமாகப் பிடிப்பார்கள் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். நடந்தது தலைகீழ். ஒருத்தன் அவள் காலைத் தொட்டதுமே தானாக விழுந்துவிட்டுச் சிரிப்பான். இன்னொருத்தனுக்கு அவளுடைய முறை வரும்போதெல்லாம் வயிற்றுவலி. மூன்றாவது ஆள் கையை நீட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பான், கிட்டவே வரமாட்டான். உடும்பு ஒரு நாள் மெட்டிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்து, "மிஸ், இவனுங்க விட்டுக்குடுக்கிறானுங்க, எனக்கு ஒண்ணுமே வரமாட்டேங்குது" என்று அழாத குறையாகச் சொன்னாள். முரட்டுப் பிடி என்றால் கோச் நிறுத்துவார். விட்டுக்கொடுப்பதை யாரும் குற்றமாகவே பார்ப்பதில்லை, நல்ல பையன் என்றல்லவா சொல்வார்கள்.

பையன்களின் பக்கத்தையும் சொல்லணும். வயிற்றுவலிக்காரனின் அம்மா சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், அவன் ஜெயிச்சா, பொம்பளப் புள்ளயத்தானே ஜெயிச்சான்னு சொல்லுவாங்க. தோத்தான்னா இஸ்கூல விட்டே ஓடணும். இதுல எம்மவனுக்கு என்னா லாபம்?" எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் முழுசாக வரவில்லை.

கோச் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சுவரில் புள்ளிப் பலகை ஒன்றைத் தொங்கவிட்டார். ஒவ்வொரு மோதலுக்கும் மத்தியஸ்தர், புள்ளிகள், பெயர்கள். எதிராளியை விழுத்தினால் 2, முதுகை மெட்டின் பக்கம் திருப்பினால் 2, கீழே கிடந்தவர் புரட்டி மேலே வந்தால் 1, வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1. பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தால் அதோடு முடிந்தது. இரண்டு தோளும் மெட்டில் பதிந்தால் புள்ளி எதுவும் பார்க்கத் தேவையில்லை. பலகையில் தன் பெயருக்கு நேரே சைபர் விழுவதை எந்தப் பையன் விரும்புவான்? அதோடு இன்னொரு சட்டம்: வெளியே நின்று கேலி செய்கிறவன் அடுத்த சுற்றில் உடும்போடு மோத வேண்டும். கேலி ஒரே வாரத்தில் நின்றது.

பலகை வந்தபின் முதல் மோதல் வயிற்றுவலிக்காரனோடு. அன்றைக்குத்தான் அவளுடைய அம்மாவும் வந்திருந்தார், மலையிலிருந்து நேரே, கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல். ஜன்னலுக்கு வெளியே நின்றார். விசில் அடித்ததுமே பையன் உள்ளே பாய்ந்து இரண்டு காலையும் அள்ளினான். விழுந்தவளை இடுப்பில் பூட்டி உருட்டினான், மறுபடி மறுபடி நாலு தரம் உருட்டினான். ஒரு நிமிடத்துக்குள் 10க்கு 0. மண்டபமே திரும்பி ஜன்னலைப் பார்த்தது. நான் எழுந்து ஓடினேன். அம்மா என்னிடம் கேட்டது இதுதான்: "அவன் குனியிறப்போ இவ ஏன் டீச்சர் சும்மா நின்னுக்கிட்டு இருந்தா?" அதற்குப் பிறகு அவர் கூட்டிக்கொண்டு போவதைப் பற்றிப் பேசவே இல்லை. காலை எப்போது பின்னுக்கு இழுக்க வேண்டும் என்பதைப் பற்றி நிறையப் பேசினார்.

ஒரே நிறை என்றால் ஒரே பலம் என்று நான் நினைத்திருந்தேன். கோச் விளக்கினார். பெண்பிள்ளைகள் முந்தி வளர்ந்துவிடுவார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பல பையன்களைவிட உயரமாகவே இருப்பார்கள். அதற்குப் பிறகு பையன்களுக்குத் தோளும் கைப்பிடியும் வேகமாக ஏறும், ஒரே நிறையிலும் அந்த வித்தியாசம் தெரியும். அதனால் புது உத்தி பழக அவளுக்குத் தரம் 8 பையன்களை, அவளைவிடக் கொஞ்சம் இலேசானவர்களைக் கொடுத்தார். தன் நிறைப் பையன்களோடு முழு மோதல் கடைசியில்தான். கைப்பலத்தில் போட்டிபோடாதே, காலைப் பிடி என்பதே பாடம். "நங்கி, பஹத் வென்ன!" என்று கத்திக்கொண்டே இருப்பார், இன்னும் தாழப் போகச் சொல்லி. ஒரு காலைப் பிடிக்கும்போது தலை எதிராளியின் விலாவை உட்பக்கமாக முட்டிக்கொண்டு இருக்கணும். வெளியே விட்டால் கழுத்து மாட்டும். முழங்காலுக்குப் பின்னால் கையைக் கோத்து, நெஞ்சோடு இழுத்து, திரும்பணும். இழுத்துவிட்டுத் திரும்பாமல் நிற்பதே அவளுடைய வியாதி. அது தீர்ந்த நாளில் அதே வயிற்றுவலிக்காரனைச் சுத்தமாக விழுத்தினாள். மோதலில் அவன்தான் ஜெயித்தான், ஆனால் பலகையில் அவள் பெயருக்கு நேரே 2. அவன் அதை அழிக்கவிடாமல், "அது அவ எடுத்தது சேர், இருக்கட்டும்" என்றான்.

போட்டிக்கு முன்னால் கடதாசி வேலை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர். எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் இருக்கிற கதை. சத்தியக் கடதாசி, வைத்தியச் சான்றிதழ், பெற்றோர் கடிதம். சீக்கிரமே தொடங்குங்கள், வேறு சொல்ல ஒன்றும் இல்லை. சப்பாத்து இரவல். நாட்சம்பளத்தில் ஓடுகிற வீட்டில் மல்யுத்தச் சப்பாத்து வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாகாணப் போட்டி கண்டிப் பக்கம். போகிற அன்று காலையில் அம்மா பிள்ளைக்குச் சாப்பாடே கொடுக்கவில்லை. "அந்த இந்தியாக்காரப் புள்ளைக்கு நூறு கிராமுல போயிருச்சாமே டீச்சர்." 2024இல் பாரிஸில் 50 கிலோ இறுதிப் போட்டிக்கு வந்த வினேஷ் போகாட், அந்த நூறு கிராமால் தகுதியிழந்த செய்தி லயம் வரைக்கும் வந்திருந்தது. வளர்கிற பிள்ளையைப் பட்டினி போட்டு நிறை குறைக்கிற வேலை எங்களிடம் இல்லை, கூடினால் அடுத்த பிரிவில் இறங்கட்டும் என்று சொல்லி ரொட்டியைச் சாப்பிடவைத்தேன். கினிகத்தேனை வளைவுகளில் அதையும் வாந்தியெடுத்துவிட்டாள்.

நிறை பார்க்கும் இடத்தில் இன்னொன்று. அவள் கையில் மாரியம்மன் கோயிலில் கட்டிய கறுப்புக் கயிறு. கழற்றணும் என்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அம்மாவுக்குப் போன் எடுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பிறகு, "வெட்டாதீங்க, அவுருங்க. அவுத்து நீங்க கையில கட்டிக்குங்க டீச்சர்" என்றார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால்தான் அவிழ்த்தேன். அன்றைக்கு முழுக்க அது என் கையில்தான் இருந்தது.

முதல் மோதலில் இரண்டு தோளையும் பதித்து ஜெயித்தாள். எதிராளிப் பிள்ளை பிடித்த பிடி அவளுக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய பிடிகளுக்குள் கிடந்து வந்தவள் அல்லவா? இரண்டாவதில் தோற்றாள். தோற்ற விதம்தான் என்னை யோசிக்கவைத்தது. பையன்களோடு மோதி மோதி, அவர்கள் பாயட்டும், நாம் தடுத்துத் திருப்பலாம் என்று காத்திருக்கும் பழக்கம் ஊறிவிட்டது. வந்த பிள்ளையும் காத்திருந்தது. மத்தியஸ்தர் எங்களவளைத்தான் முதலில் எச்சரித்தார், பிறகு முப்பது வினாடிக் கெடு வைத்தார். அதற்குள் அவள் புள்ளி எடுக்காததால் எதிராளிக்கு 1. பதறிப்போய்ப் பாய்ந்தாள், கழுத்து மாட்டியது.

ஆக, பையன்கள் இல்லாமல் அவள் அந்த மெட்டுக்கே போயிருக்க மாட்டாள், பையன்கள் மட்டுமே இருந்ததால் அங்கேயே நின்றும் போனாள். திரும்பி வந்ததும் கோச்சிடம் நான் கேட்டது ஒன்றுதான்: இன்னும் பெண்பிள்ளைகள். இப்போது சிலர் வருகிறார்கள். அதில் ஒருத்தி உடும்பின் நிறைக்கே வந்து நிற்கிறாள், ஒரு பிரிவுக்கு எங்களிடமிருந்து ஒருத்தியைத்தான் அனுப்பப்போகிறோம். அடுத்த மாதம் இரண்டு பேரும் தேர்வு மோதலில் இறங்குகிறார்கள். இரண்டு தாய்மாரும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவர்கள். யார் ஜெயித்தாலும் அன்றைக்கு இரவு எனக்குத்தான் போன் வரும்.